கப்பலில் வரும் திருகு எதற்கு?

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் பெங்களூரு விவேக் நகரில் வண்டி நகராது. குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டம் தெருவை அடைத்துவிடும். அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, ஈஜிபுராவிலிருந்து நடந்தே என் பட்டறைக்கு வந்தான் ஒரு பையன். கையில் ஆறு பக்க அச்சுக் கையேடு. முகத்தில் களை இல்லை.

"அண்ணா, பெஞ்சு வேலைய நிறுத்திடலாம்னு இருக்கேன். வாங்கின மரத்த யாராவது எடுத்துக்குவாங்களா?"

எட்டு மாதமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தச்சு மேசை செய்ய மைசூர் ரோடு மரக்கடையில் சில்வர் ஓக் வாங்கிவைத்திருக்கிறான். நான்கு கால்களையும் இழைத்து முடித்தாயிற்று. மேல்பலகை ஒட்ட வேண்டிய நேரத்தில் அந்தக் கையேட்டைப் படித்திருக்கிறான். வெளிநாட்டுக் கால் வைஸ் உதிரிகளை வாங்க வசதியில்லாதவர்கள் மேசை செய்வதைத் தள்ளிப்போட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அரைகுறை உதிரியில் தொடங்குவதைவிடத் தொடங்காமலிருப்பதே மேலாம்.

எழுதியவரை எனக்குத் தெரியும். மரவேலை பழக வருகிறவர்களை ஞாயிறுதோறும் உட்காரவைத்துப் பேசுகிறவர். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் எழுதியதை அப்படியே விட முடியாது. ஒரு பையனின் எட்டு மாத உழைப்பை விலைக்குப் போடவைத்த எழுத்து அது.

அவர் வாதத்தை முதலில் அவர் வைத்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். கால் வைஸ் என்பது ஒரு நெம்புகோல், அது திருகின் விசையைப் பெருக்குகிறது, ஆகவே திருகில் இருக்கும் சின்ன ஆட்டமும் பெருகி வெளிப்படும், ஆகவே துல்லியமாகக் கடைந்த இறக்குமதித் திருகு இல்லாமல் பயனில்லை. இது முதல் வாதம். அடியில் முளை போட்டுச் சரிசெய்யும் பழைய முறை செத்துவிட்டது, எக்ஸ் வடிவ இரும்புக் கத்தரி அமைப்புதான் இனி ஒரே வழி. இது இரண்டாவது. நம் ஊர் லேத்தில் கடையும் திருகு வெறும் ஒப்பேற்றல். இது மூன்றாவது. நான்காவதாக ஒன்று உண்டு. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குக் கோபப்படாமல் பதில் சொல்ல என்னால் முடியாது.

கால் வைஸ் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. தச்சு மேசையின் முன்காலே ஒரு தாடை. தரைக்குச் சற்று மேலிருந்து மேசை மட்டம்வரை நிற்கும் கனத்த பலகை இன்னொரு தாடை. மேலிருந்து ஒரு சாண் கீழே ஒரு திருகு இரண்டையும் கோத்து இறுக்குகிறது. அடியில், தாடைப் பலகையோடு பொருத்திய ஒரு சட்டம் முன்காலைத் துளைத்து உள்ளே போய்வரும். அந்தச் சட்டத்தில் வரிசையாகத் துளைகள், ஏதாவது ஒன்றில் ஒரு இரும்பு முளை. திருகை இறுக்கும்போது பலகையின் அடி உள்ளே போகாமல் அந்த முளை தடுக்கிறது, மேல்வாய் மரத்தைக் கவ்வுகிறது. இவ்வளவுதான் சங்கதி. பிரான்ஸில் தச்சர் பரம்பரையில் பிறந்த ஆந்த்ரே ஜேக்கப் ரூபோ 1769 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட மாபெரும் தச்சு நூலில் கால் வைஸ் வைத்த மேசையின் படம் இருக்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஷ்வார்ஸ் 2007இல் வேலை மேசைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பழைய மேசைகள்மேல் புதிதாக ஆசை பிறந்ததில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கையேடு எழுதிய நண்பர் இரண்டு பேரையும் மேற்கோள் காட்டுகிறார். மூன்றாம் பக்கத்தில் அவர் போட்டிருக்கும் படத்தைப் பார்த்தால் இரண்டையும் கவனித்துப் படித்ததாகத் தெரியவில்லை.

அந்தப் படத்தில்தான் முழுத் தவறும் இருக்கிறது. நெம்புகோலில் மூன்று வகை. பாக்குவெட்டியில் பாக்கு நடுவில், கை நுனியில். அங்கே விசை பெருகும். முள் எடுக்கும் சாமணத்தில் கை நடுவில், முள் நுனியில். அங்கே விசை குறையும். கால் வைஸில் அடிமுளை ஒரு முனை, மரத்தைக் கவ்வும் வாய் மறுமுனை, அழுத்தும் திருகு இரண்டுக்கும் நடுவில். நண்பர் பாக்குவெட்டியை மனத்தில் வைத்துக்கொண்டு சாமணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.

என் மேசை அளவை வைத்தே கணக்குப் பார்க்கலாம். உயரம் 86 செ.மீ. திருகின் மையம் மேலிருந்து 23 செ.மீ. கீழே. முளை தரையிலிருந்து 8 செ.மீ. மேலே. அப்படியானால் முளைக்கும் திருகுக்கும் 55 செ.மீ. மரத்தைக் கவ்வும் இடம் மேல்விளிம்பிலிருந்து 3 செ.மீ. கீழே என்று வைத்தால், முளையிலிருந்து அதற்கு 75 செ.மீ. திருகு கொடுக்கும் விசையில் 75க்கு 55 பங்கு, நூற்றுக்கு 73, மரத்துக்குப் போகிறது. மீதி 27 அடிமுளையில் போய் உட்காருகிறது. பெருக்கம் எங்கேயும் இல்லை.

பிறகு கால் வைஸ் எப்படி அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது? திருகின் புரியால். 40 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனி ஒரு சுற்று சுற்றினால் 1,256 மி.மீ. நகர்கிறது. 6 மி.மீ. பிட்ச் உள்ள திருகு அதே சுற்றில் 6 மி.மீ. முன்னே போகிறது. ஏட்டுக் கணக்கில் 209 மடங்கு. உராய்வு அதில் முக்கால் பங்கைத் தின்றாலும் 50 மடங்கு மிஞ்சும். இரண்டு விரலால் 5 கிலோ அளவுக்கு அழுத்தினால் திருகில் 250 கிலோ, வாயில் 180 கிலோவுக்குமேல். பலகையை இழைப்பதற்கு அதில் பாதியே மிச்சம். இந்த 6 மி.மீ. புரியை அமெரிக்காவின் ஐயோவாவில் வெட்டினாலும் நம் ஊர்ப் பீன்யா தொழிற்பேட்டையில் வெட்டினாலும் கணக்கு மாறாது.

இனி அந்த "ஆட்டம்". நட்டுக்கும் திருகுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லேத் மெஷினில் வெட்டும் முனையை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகில் அது பெரிய குறைதான். அங்கே இரண்டு திசையிலும் அளவு சரியாக இருக்க வேண்டும். வைஸ் ஒரே திசையில்தான் இறுக்குகிறது. இறுக்கத் தொடங்கியதும் புரியின் ஒரு பக்கம் நட்டில் போய் அமர்ந்துவிடும், தளர்வு மறைந்துவிடும். நஷ்டம் எவ்வளவு? கைப்பிடி ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு வெறுமனே சுற்றும். இதற்காகத்தான் ஒரு பையன் மரத்தை விற்க வேண்டுமா?

கத்தரி அமைப்பைக் குறை சொல்ல எனக்கு எந்த ஆசையும் இல்லை. இரண்டு இரும்புப் பட்டைகள் நடுவில் கோத்து, எக்ஸ் வடிவத்தில் விரிந்து சுருங்கி, தாடைப் பலகையைக் காலுக்கு இணையாகவே நிற்கவைக்கும். முளை மாற்றக் குனிய வேண்டாம். பலகையின் கனத்தையும் அதுவே தாங்கும். ஐயோவாவின் பெஞ்ச்கிராஃப்டெட் நிறுவனம் செய்வது நல்ல சாமான். முழங்கால் வலி உள்ளவர்கள், இடுப்பு பிடித்துக்கொள்கிறவர்கள், காசு இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். ஆனால் அதைப் பொருத்த முன்காலிலும் தாடைப் பலகையிலும் எதிரெதிராக ஓரடிக்குமேல் நீளமான பள்ளம் பொளிய வேண்டும். இரண்டும் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் பட்டை உரசும். உளி பிடிக்கப் பழகிக்கொண்டிருப்பவனுக்கு முதல் மேசையிலேயே அதைச் செய் என்பதும், அது இல்லாவிட்டால் தொடங்காதே என்பதும் எந்த ஊர்ப் பாடம்?

அவர் செத்துவிட்டது என்று சொன்ன அடிச்சட்டத்துக்கு என்ன வேண்டும்? ஒரு மரச்சட்டம், இரண்டு வரிசைத் துளைகள், 12 மி.மீ. கம்பித் துண்டு ஒன்று. ஒரு வரிசையின் துளைகள் அங்குலத்துக்கு ஒன்று, அடுத்த வரிசை அதற்கு நடுவே அரை அங்குலம் தள்ளி. பிடிக்கும் மரத்தின் கனத்தைவிட ஒரு நூல் கூடுதலாக இருக்கும் துளையில் முளையைப் போட்டால் மேல்வாய் முதலில் கவ்வும். குறைவாகப் போட்டால் வாயின் அடிப்பக்கம் கவ்வி மேல்விளிம்பு விலகி நிற்கும். சோதிக்க ஒரு வழி உண்டு: செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, மேல்விளிம்பில் இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் வைத்து இறுக்கி இழுத்துப் பாருங்கள். மூன்றும் கிழிந்தால் வைஸ் சரி. ஒன்று உருவிக்கொண்டு வந்தால் மற்ற இடங்களில் தாடைப் பலகையை இரண்டு இழைப்பு இழைக்க வேண்டும். குனிவது அவமானம் என்று கையேடு சொல்கிறது. போன மாதம் ஒரு கதவுச் சட்டம் முழுவதையும் ஒரே நாளில் செய்தேன். அன்று காலை முதல் விளக்கு வைக்கும்வரை முளையை மாற்றியது இரண்டு தடவை.

பெங்களூரு ஈரத்தில் மரச்சட்டம் உப்பி இறுகிவிடும் என்று ஒரு வரி வருகிறது. மரம் அகலத்தில்தான் உப்பும், நீளவாக்கில் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. சட்டத்துக்குச் சுற்றிலும் 2 மி.மீ. இடம் விட்டுத் துளை போட்டால் ஆடி மழையிலும் அது ஓடும். மல்லேஸ்வரத்தில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதலாமா?

மூன்றாவது வாதத்துக்கு வருவோம். எஸ்.ஜே.பி. ரோடில் போய் "லெக் வைஸ்" என்று கேட்டால் கொல்லர்களின் இரும்பு வைஸைத்தான் காட்டுகிறார்கள், அதனால் இந்த ஊரில் விஷயம் தெரிந்தவர் இல்லை என்கிறார். கடைக்காரர் சரியான பொருளைத்தான் காட்டினார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த எந்தப் பையனுக்கும் லெக் வைஸ் தெரியும். பழுத்த இரும்பைப் பிடித்துச் சம்மட்டியால் அடிக்க, அடியின் அதிர்வு காலின் வழியாகத் தரைக்குப் போக, திருகுக்குக் கீழே கீல் வைத்துச் செய்தது அது. கீல் கீழே, திருகு நடுவில், வாய் மேலே. நம் தச்சு மேசையின் கால் வைஸும் அதே தத்துவம்தான். கேட்கத் தெரியாமல் கேட்டுவிட்டு, பதில் சொன்னவருக்கு அறிவில்லை என்று அச்சிடுவது நியாயமில்லை.

கேட்கத் தெரிந்து கேட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். லேத் பட்டறைக்குப் போனேன். டர்னர் தலை நிமிராமலே கேட்டார்:

"என்ன பிட்ச் சார்? அஞ்சா, ஆறா?"

"ஆறு."

"ஸ்கொயரா, ஆக்மியா?"

"உங்க டூல் எதுக்கு இருக்கோ அது."

இந்தக் கடைசி பதிலை யோசித்துத்தான் சொன்னேன். சதுரப் புரியில் உராய்வு கொஞ்சம் குறைவு. ஆக்மி புரியின் பக்கங்கள் சாய்ந்திருப்பதால் வெட்டுவது சுலபம், அடிப்பாகம் பலம். வைஸுக்கு இரண்டும் போதும். கூடாதது ஒன்றே ஒன்று: சாதாரண போல்ட்டில் இருக்கும் வி-புரி. 24 மி.மீ. போல்ட்டின் பிட்ச் 3 மி.மீ.தான். வாயை 60 மி.மீ. திறக்க இருபது சுற்று சுற்ற வேண்டும். உராய்வும் அதிகம்.

28 மி.மீ. விட்டம், ஈ.என். 8 கம்பி, கன்மெட்டல் நட்டு. கையேட்டில் இந்த மூன்று விவரமும் இல்லை, ஆனால் கைப்பிடிச் சக்கரத்தின் பாலிஷ் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக அவர் விட்டது திருகின் கழுத்து. திருகைத் தளர்த்தும்போது தாடைப் பலகையும் கூடவே வெளியே வர வேண்டும். அதற்காகத் திருகின் தலைக்குச் சற்றுப் பின்னே சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டி, இரண்டு பாதியாக அறுத்த தகட்டை அதில் உட்காரவைத்துப் பலகையோடு திருக வேண்டும். இதைக் கடைசலுக்குக் கொடுக்கும்போதே சொல்லாவிட்டால், ஒவ்வொரு தடவையும் பலகையைக் கையால் இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். புதிதாகச் செய்கிறவன் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

லேத்துக்குப் போக முடியாதவர்கள் ஆறு அங்குல பெஞ்ச் வைஸின் ஸ்பிண்டிலையும் நட்டையும் உதிரியாகக் கேட்டு வாங்கலாம். கட்டட வேலையில் செண்டரிங்குக்கு வைக்கும் ஜாக்கித் திருகை மட்டும் வேண்டாம் என்பேன். நானே போட்டுப் பார்த்தேன். புரி சொரசொரப்பு, நட்டு லொடலொடப்பு, பத்து நாளில் கை சலித்துவிடும். இரட்டைப் புரி வெட்டினால் ஒரே சுற்றில் 12 மி.மீ. போகும், வேகம் இரட்டிப்பு, பிடி குறையும். வேகம் வேண்டுமா பிடி வேண்டுமா என்பதை அவரவர் வேலை முடிவு செய்யட்டும்.

இப்போது அந்த நான்காவது வாதம். ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. தரையில் குந்திக் கால்விரலால் பலகையைப் பிடித்து வேலை செய்யும் கூட்டத்திடம் வைஸைப் பற்றிக் கற்க எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்.

என் மேசைக்கு முதலில் நான் போட்ட தாடைப் பலகை தேக்கு, 45 மி.மீ. கனம். நாலடிப் பலகையை நிறுத்தி விளிம்பை இழைத்தால் இழைப்புளி தத்தித் தத்திப் போகும், மரத்தில் அலை அலையாகத் தடம் விழும். நண்பரைப் போலவே நானும் திருகைத்தான் சந்தேகப்பட்டேன். நட்டைக் கழற்றி மாட்டினேன், புரிக்குக் கிரீஸ் வைத்தேன், ஒரு கட்டத்தில் வேறு திருகே கடையக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். தர்மபுரிப் பக்கத்து ஆசாரி, வயது எழுபதுக்குமேல். வாழ்நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து, குதிகாலால் பலகையை அணைத்துப் பிடித்து வேலை செய்தவர். ஒருநாள் வந்து நின்று பார்த்தார்.

"நீ இழை தம்பி" என்றார்.

நான் இழைத்தேன். அவர் ஒரு உள்ளங்கையைத் தாடைப் பலகையின் மேல்விளிம்பில் வைத்தார். இன்னொரு கையால் திருகின் தலையைத் தொட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாறு தள்ளுதான்.

"திருகு சும்மா கெடக்கு. பலகதான் நடுங்குது. கனம் பத்தல."

பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 45 மி.மீ.ஐ 65 ஆக்கினால் விறைப்பு மூன்று மடங்கு. இது பொறியியல் புத்தகத்தில் இருக்கிறது. அவருக்கு அது உள்ளங்கையில் இருந்தது. எந்த அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பதை ஐம்பது ஆண்டுகள் குதிகாலில் வாங்கிப் பழகிய உடம்பு அது. 65 மி.மீ. ஹொன்னே மரப் பலகை போட்டேன், வாயின் உட்புறம் ஆம்பூர்த் தோல் ஒட்டினேன், பழைய திருகையே மாட்டினேன். அன்றோடு தத்தல் நின்றது. கால் வைஸுக்குச் செலவழிக்க வேண்டிய முதல் காசு தாடைப் பலகைக்கு, இரண்டாவது காசு தோலுக்கு, திருகு அதற்கு அப்புறம்தான் என்று நான் யாரிடமும் சொல்வது இந்த அனுபவத்தால்தான். ஆறு பக்கக் கையேட்டில் தாடைப் பலகையின் கனம் எத்தனை என்று ஒரு வரிகூட இல்லை.

திருவாரூர்த் தேரும் செட்டிநாட்டு நிலைக்கதவுகளும் எந்த இறக்குமதி வைஸில் பிடித்துச் செய்தவை? ஜப்பானியத் தச்சர்களும் காலங்காலமாகத் தரையில் உட்கார்ந்தும், சாய்த்துவைத்த கட்டையின்மேல் இழைத்தும்தான் வேலை செய்தார்கள். அவர்கள் மூட்டுவாய்களை உலகம் வியக்கிறது, நண்பரும் தன் பேச்சில் வியக்கிறார். அதே வேலையை நம் ஊர்க்காரர் செய்தால் மட்டும் அது அறியாமையா? பாரிஸில் தச்சன் மகனாகப் பிறந்த ரூபோவின் பெயரை மரியாதையோடு எழுதும் கை, பக்கத்துத் தெரு ஆசாரியைக் கூட்டம் என்று எழுதுகிறது. எனக்கு இதைப் படிக்க வேதனையாக இருக்கிறது. மேசையும் வைஸும் நல்லவை. நின்று வேலை செய்வது முதுகுக்கும் முழங்காலுக்கும் நல்லது. அந்தப் பெரியவரின் முழங்கால் இன்று படும் பாட்டைப் பார்த்தவன் நான், தரையே போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மரம் எப்படி நிற்கும், எப்படி நழுவும், எங்கே நடுங்கும் என்பதை அவரைவிடத் தெரிந்தவர் நம்மில் யாரும் இல்லை. அந்த அறிவைக் கேட்டு வாங்கி நம் மேசையில் ஏற்ற வேண்டிய நேரத்தில், அதை எட்டி உதைக்கக் கற்றுக்கொடுக்கிறது அந்தப் பக்கம்.

ஆகவே நண்பரே, மூன்றாம் பக்கத்துப் படத்தைத் திருத்துங்கள். திருகு நடுவில் இருக்கிறது, 73 பங்குதான் வாய்க்குப் போகிறது. வசதியில்லாதவர்கள் தொடங்க வேண்டாம் என்ற வரியை எடுங்கள். தாடைப் பலகைக்கு 65 மி.மீ. என்று எழுதுங்கள், திருகின் கழுத்துப் பள்ளத்துக்கு ஒரு படம் போடுங்கள். ஐந்தாம் பக்கத்து வாக்கியத்தை நீக்கிவிட்டு, உங்கள் ஞாயிறு வகுப்புக்கு ஒரே ஒருநாள் அந்தப் பெரியவரை அழைத்து நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். அதுவரை அந்தக் கையேட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

பையன் மரத்தை விற்கவில்லை. அவனுடைய திருகு சனிக்கிழமை லேத்திலிருந்து வருகிறது. தாடைப் பலகைக்கு ஏற்ற ஹொன்னேத் துண்டு ஒன்று பெரியவர் வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு மழை பார்த்துக் காய்ந்து கிடக்கிறதாம். தூக்கிக்கொண்டுவர ஆள் வேண்டும், பையனை அனுப்பு என்று சொல்லிவிட்டிருக்கிறார்.